தடுமாற்றம் முந்தி, கட்டி பிந்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் அண்மையில் கோத்தகிரிப் பக்கத்து வாசகி ஒருவர் தன் மாமியாரைப் பற்றிக் கேட்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். இரண்டு மாதத்துக்குள் நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது, எழுதினால் கை கோணுகிறது. “மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் கட்டி, புற்று என்று பயப்பட வேண்டாம். வயதானால் வரும் நரம்புத் தளர்ச்சிதான்” என்று பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதிலை நம்பி அந்த அம்மாளை வீட்டிலேயே வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

புற்று மூளைக்கோ தண்டுவடத்துக்கோ பரவாமலேயே நரம்பைக் கெடுக்கும். கட்டி நுரையீரலிலோ மார்பகத்திலோ சினைப்பையிலோ சுண்டைக்காய் அளவில் ஒளிந்திருக்கும்போதே, எட்டத்தில் இருக்கும் சிறுமூளையோ நரம்பு முடிச்சுகளோ பாழாகிவிடும். மருத்துவர்கள் இதைப் பாராநியோபிளாஸ்டிக் நரம்பு நோய் என்கிறார்கள். நாங்கள் புற்றுசார் நரம்பு நோய் என்று எழுதுகிறோம். இது அரிது. புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நரம்புக் கோளாறுதான் முதலில் தெரியும். புற்று பல மாதம் கழித்து, சிலருக்கு ஆண்டுக் கணக்கில் கழித்துத்தான் வெளிப்படும். தங்கள் பக்கத்தில் வந்த பதில் இந்த வரிசையைக் கணக்கில் எடுக்கவில்லை. உலக மருத்துவமும் இதே வரிசையைப் புரிந்துகொள்ளாமல்தான் அறுபது ஆண்டுக்கு மேல் தடுமாறியது. அந்தக் கதை தெரிந்தால் ‘ஸ்கேன் சுத்தம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்பது விளங்கும்.

புற்று தான் இருக்கும் இடத்தை விட்டு எட்டத்தில் வேலை காட்டும் என்பதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் பாரீஸின் ஆர்மண்ட் ட்ரூசோ. காரணமில்லாமல் இரத்தக்குழாய்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இரத்தம் உறைந்தால் வயிற்றில் மறைந்த புற்று இருக்கலாம் என்று 1865-ல் அவர் கற்பித்தார். இரண்டே ஆண்டில் அதே அறிகுறியைத் தன் உடம்பிலேயே கண்டு, தனக்கு என்ன நோய் என்று தானே சொல்லி, 1867-ல் இறந்துபோனார். நரம்பைப் பற்றிய முதல் பதிவு 1888-ல் பெர்லினிலிருந்து வந்தது. ஹெர்மான் ஓப்பன்ஹைம் எழுதிய கட்டுரையின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: புற்றுநோயில், மூளையில் கண்டறியத்தக்க மாற்றம் ஏதும் இல்லாமல் வரும் மூளை அறிகுறிகள். 1890-ல் பிரான்ஸின் ஓஷே, புற்றுநோயாளிகளின் கை கால் நரம்புகள் கெட்டிருப்பதைப் பதிவு செய்தார். ஆனால் அன்றைய மருத்துவர்கள், உடம்பு மெலிந்து சத்துக் கெட்டதால் வந்தது என்றோ, கட்டி கக்கும் நஞ்சால் வந்தது என்றோ சொல்லி முடித்துவிட்டார்கள். பிணப் பரிசோதனையில் அவர்கள் தேடியது மூளைக்குள் பரவிய கட்டியை. அது இல்லை என்றதும் தேடல் நின்றுபோனது.

1919-ல் ஆம்ஸ்டர்டாமின் பிரௌவர், சிறுமூளை கெட்டு இறந்த ஒரு பெண்ணின் மூளையைச் சீவிப் பார்த்தார். பர்கிஞ்சி அணுக்கள் ஏறக்குறைய அடியோடு போயிருந்தன. சிறுமூளையின் மேலுறையில் ஒற்றை வரிசையாக, கிளை விரித்த மரங்கள் போல நிற்கும் பெரிய நரம்பணுக்கள் அவை. நடையின் அளவு, பேச்சின் தாளம், கையின் குறி எல்லாம் இவற்றின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அடிவயிற்றில் கட்டியும் இருந்தது. கட்டிக்கும் சிறுமூளைக்கும் முடிச்சுப் போட அதே பிரௌவருக்குப் பத்தொன்பது ஆண்டு பிடித்தது. 1938-ல் பீமாண்டுடன் சேர்ந்து எழுதியபோதுதான் இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்களாக இருக்கலாம் என்று சொன்னார். கண்ணெதிரே இருந்தும் இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு நோயாளியில் இரண்டு நோய் சேர்ந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டாவது, மூன்றாவது நோயாளி வந்தால்தான் தற்செயல் இல்லை என்பது தெரியும்.

நியூசிலாந்தில் பிறந்த டெனி-பிரௌன் 1948-ல் அப்படித்தான் இரண்டு பேரை அடுத்தடுத்து வைத்து எழுதினார். இருவருக்கும் மூச்சுக்குழல் புற்று. இருவருக்கும் தண்டுவடத்தின் பக்கவாட்டில் இருக்கும் உணர்வு நரம்பு முடிச்சுகளில் அணுக்கள் அழிந்திருந்தன. இந்த வகை நோயை நம் ஊரில் எளிதாகத் தவறவிடலாம். மார்கழி, தை உறைபனியில் ‘கை விறைத்துவிட்டது’ என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வேறுபாடு எங்கே என்றால், குளிர் விறைப்பு இரண்டு கையிலும் ஒரே மாதிரி வந்து அடுப்பருகே உட்கார்ந்தால் போய்விடும். இது ஒரு கையில் தொடங்கும், எரியும், குத்தும், வாரத்துக்கு வாரம் ஏறும், மற்றொரு கைக்கும் காலுக்கும் ஒழுங்கில்லாமல் தாவும். தசையில் பலம் இருக்கும், ஆனால் கை எங்கே இருக்கிறது என்பது கைக்கே தெரியாது. கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். விரல்கள் வீணை மீட்டுவது போலத் தாமாகவே மெல்ல ஏறி இறங்கும். நோயாளிக்கு அது தெரியாது. கண்ணைத் திறந்ததும் நின்றுவிடும். மின்சாரம் போன இரவில், லயன் வீட்டிலிருந்து வெளியே போகும்போது இவர்கள் விழுவதும் இதனால்தான். வெளிச்சத்தில் கண் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும், இருட்டில் முடியாது.

1949-ல் பிரான்ஸின் கிஷார், வின்யோன் இருவரும் ‘பாராநியோபிளாஸ்டிக்’ என்ற சொல்லைக் கையாண்டார்கள். புற்றின் பக்கத்தில் வருவது என்று பொருள். பெயர் கிடைத்ததும் தேடுவது எளிதானது. 1951-ல் லண்டனில் ரஸ்ஸல் பிரெய்னும் தோழர்களும் சிறுமூளைச் சிதைவுக்கும் புற்றுக்கும் உள்ள உறவை எழுதினார்கள். கோத்தகிரி அம்மாளுக்கு இருப்பது இந்த வகையாக இருக்கலாம் என்பதே எங்கள் கவலை. தேயிலைச் சரிவில் ஏறும்போது இது அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போதுதான் கால் அகல விழும், படி தப்பும், கொழுந்து மூட்டையின் பாரம் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். முதலில் தலைசுற்றலும் வாந்தியுமாகத் தொடங்குவதால் பித்தம் என்றும், காதில் கோளாறு என்றும் மருந்து கொடுப்பார்கள். சில வாரத்தில் பிடி இல்லாமல் உட்காரவே முடியாது. இந்தக் கட்டத்தில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிறுமூளை சுருங்கியது படத்தில் தெரிய இன்னும் சில மாதம் ஆகும். தெரியும்போது அணுக்கள் போய்விட்டிருக்கும். ஆகவே இரண்டாம் மாதத்தில் எடுத்த சுத்தமான ஸ்கேன் எந்தச் சந்தேகத்தையும் தீர்க்காது.

அடுத்தது தசையும் நரம்பும் சேரும் இடம். 1953-ல் லண்டனில், மூச்சுக்குழல் புற்று உள்ள ஒருவருக்கு அறுவைக்காகச் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தி மருந்து கொடுத்தார்கள். சில நிமிடத்தில் திரும்பி வர வேண்டிய மூச்சு நெடுநேரம் வரவில்லை. அந்த நோயாளியைப் பற்றி ஆண்டர்சன், சர்ச்சில்-டேவிட்சன், ரிச்சர்ட்சன் மூவரும் எழுதிவைத்தார்கள். 1956-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லாம்பர்ட், ஈட்டன், ரூக் ஆகியோர் இந்தத் தசைத் தளர்ச்சியை, நரம்பை மின்சாரத்தால் தூண்டித் தசையின் பதிலை அளக்கும் மின்சோதனையால் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்று லாம்பர்ட்-ஈட்டன் நோய் என்கிறோம். இந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் நுரையீரலில் சிற்றணுப் புற்று (ஸ்மால் செல் கேன்சர்) இருக்கும். அந்தப் புற்று உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பீடி, சிகரெட் பிடித்தவர்கள். மேட்டில் ஏறும்போது தொடை இழுக்கும், வாய் வறண்டுபோகும், ஆண்களுக்கு விறைப்பு குறையும். கடைசியில் சொன்னதை நம் ஊரில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டுத்தான் பெற வேண்டும்.

முழங்காலைச் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாது. உடனே ‘நரம்பு செத்துவிட்டது’ என்று எழுதிவிடக் கூடாது. நோயாளியைப் பத்து நொடி முழுப் பலத்தோடு காலை நீட்டி அழுத்தச் சொல்லி, விட்டதும் அந்தக் கணமே மறுபடி தட்ட வேண்டும். இப்போது கால் துள்ளினால் லாம்பர்ட்-ஈட்டன் நோயைத் தேட வேண்டும். மின்சோதனையிலும் அதே முறைதான்: ஓய்வில் சிறியதாக இருக்கும் தசை அலை, பத்து நொடி முயற்சிக்குப் பின் இரண்டு மடங்குக்கு மேல் எழும். பத்து நொடிக்குப் பதிலாக ஒரு நிமிடம் அழுத்தச் சொன்னாலோ, பதிவை எடுக்கத் தாமதித்தாலோ அந்த எழுச்சி கரைந்துபோகும், நோய் தப்பிவிடும்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கை குளிர்ந்திருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் நரம்பில் செய்தி ஓடும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். நல்ல நரம்பே நோயுற்றது போலத் தெரியும். தசை அலையோ குளிரில் பெரிதாகித் தெரிந்து பலவீனத்தை மறைத்துவிடும். உதகையில் காலை எட்டு மணிக்குப் பேருந்து இறங்கி வருகிறவரின் கையை, வெந்நீரில் வைத்தோ போர்வை சுற்றியோ 32 டிகிரிக்கு மேல் கொண்டுவந்து, தோலில் வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே மின்முனை ஒட்ட வேண்டும்.

இந்த நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், எந்த அறுவைக்கு முன்னும் மயக்க மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 1953-ல் நடந்தது இன்றைக்கும் நடக்கக்கூடியதே.

மூளையின் நினைவுப் பகுதி கெடுவதை 1960-ல் பிரியர்லியும் தோழர்களும் விவரித்தார்கள். 1968-ல் கோர்சலிஸ் அதற்கு லிம்பிக் மூளையழற்சி என்று பெயரிட்டுப் புற்றோடு இணைத்தார். நேற்றுச் சாப்பிட்டது மறந்து, குணம் மாறி, வலிப்பும் சேர்ந்து, எல்லாம் சில வாரத்துக்குள் வந்தால் அது முதுமை மறதி அல்ல. குழந்தைகளில் கண்மணி எல்லாத் திசையிலும் ஒழுங்கின்றித் துள்ளும் நோயை 1962-ல் கின்ஸ்போர்ன் விவரித்தார். 1968-ல் அது நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியோடு இணைக்கப்பட்டது. அப்படிப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வயிற்றிலோ மார்பிலோ அந்தக் கட்டி இருக்கும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

இவ்வளவும் ஏன் நடக்கிறது? இதை நீலகிரிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் தொடங்கியது. நாய்க்கடிக்கு வயிற்றில் பதினான்கு ஊசி போட்டது பெரியவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெறிநோய்க் கிருமியைச் செம்மறியாட்டு மூளையில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போட்டார்கள். எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. ஆனால் மிகச் சிலருக்கு, ஊசி தொடங்கி ஓரிரு வாரத்தில் கை கால் விழுந்தது. கிருமி செய்த வேலை அல்ல அது. ஊசியோடு உள்ளே போன நரம்புத் திசுவைப் பகையாக எண்ணிய உடம்பு, தன் சொந்த நரம்பின் மேலுறையையும் தாக்கியது. 1930-களில் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ், குரங்குகளுக்கு முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டு இதே மூளையழற்சியை வரவழைத்துக் காட்டினார். இந்தியாவில் மூளைத் திசு ஊசி 2004-ன் இறுதியோடு நிறுத்தப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

புற்றுசார் நோயில் அந்த ஊசியின் இடத்தில் கட்டி இருக்கிறது. நரம்பணுவில் மட்டும் இருக்க வேண்டிய புரதத்தைச் சில புற்றணுக்கள் தாமும் உண்டாக்கிவிடுகின்றன. உடம்பின் காவல் படை அதைப் பகை என்று பிடித்துக் கட்டியை அடக்குகிறது. கட்டி சிறியதாகவே இருப்பதற்கும் ஸ்கேனில் தப்புவதற்கும் இது ஒரு காரணம். அதே படை அதே புரதம் உள்ள நரம்பணுவையும் அழிக்கிறது. நாய்க்கடி ஊசியில் பெரும்பாலும் நரம்பின் மேலுறைதான் கெட்டது. இங்கே அணுவே சாகிறது. செத்த நரம்பணு மறுபடி முளைக்காது.

இதற்கான முதல் தடயம் 1965-ல் கிடைத்தது. வில்கின்சனும் செரோம்ஸ்கியும் ஒளிரும் சாயம் கொண்டு, இந்த நோயாளிகளின் இரத்தத்தில் நரம்பணுவைப் பற்றும் எதிர்ப்பொருளை, அதாவது பகையைப் பிடிக்கக் காவல் படை உண்டாக்கும் புரதத்தைக் கண்டார்கள். 1976-ல் ட்ராட்டர் குழுவினர் ஹாட்ஜ்கின் என்ற நெறிகட்டிப் புற்று நோயாளி ஒருவரிடமும், 1983-ல் கிரீன்லீ, பிராஷியர் இருவரும் சினைப்பைப் புற்று நோயாளிகளிடமும் பர்கிஞ்சி அணுவைப் பற்றும் எதிர்ப்பொருளைக் காட்டினார்கள். 1981-ல் லாங், நியூசம்-டேவிஸ் குழுவினர் லாம்பர்ட்-ஈட்டன் நோயாளியின் எதிர்ப்பொருளை எலிக்குச் செலுத்தினார்கள். எலிக்கும் அதே கோளாறு வந்தது. 1985-ல் நியூயார்க்கில் கிரௌஸ், போஸ்னர் முதலியோர் ‘ஹு’ எதிர்ப்பொருளைக் கண்டார்கள். ஹு, யோ, ரி என்பவை முதல் நோயாளிகளின் பெயரிலிருந்து எடுத்த முதல் இரண்டு எழுத்துகள். இன்று சோதனைச் சீட்டில் வெறும் குறியாக அச்சாகும் அந்த எழுத்துகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதர் படுத்த படுக்கை இருக்கிறது. ‘ஹு’ இருந்தால் நுரையீரலின் சிற்றணுப் புற்றையும், ‘யோ’ இருந்தால் பெண்களின் சினைப்பை, மார்பகப் புற்றையும் முதலில் தேட வேண்டும்.

எல்லா எதிர்ப்பொருளும் ஒன்றல்ல. 2007-ல் டால்மாவ் குழுவினர், டெரட்டோமா என்ற கட்டி இருந்த 12 பெண்களிடம் நரம்பணுவின் மேற்பரப்பைப் பற்றும் எதிர்ப்பொருளை விவரித்தார்கள். கட்டிகள் பெரும்பாலும் சினைப்பையில் இருந்தன. திடீரென்று பிதற்றல், வெறித்த பார்வை, வலிப்பு, வாயை ஓயாமல் அசைத்தல் என்று வரும். பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகும் நோய் இது. மேற்பரப்பைத்தான் தாக்குகிறது என்பதால் அணு சாவதில்லை. கட்டியை எடுத்து, எதிர்ப்பைத் தணித்தால் பலர் எழுந்து நடமாடுகிறார்கள். இளம்பெண்ணுக்கு இப்படி வந்தால் மனநோய் என்று முடிவு கட்டும் முன் வயிற்று ஸ்கேனும் தண்டுவட நீர்ச் சோதனையும் கட்டாயம் செய்ய வேண்டும்.

தள்ளாடும் எல்லோருக்கும் புற்று என்று யாரும் மனம் கலங்க வேண்டாம். குடி, பி12 குறைவு, தைராய்டு, பக்கவாதம், வலிப்பு மாத்திரையின் அளவு கூடுதல் ஆகியவையே அடிக்கடி காணும் காரணங்கள். அவற்றை முதலில் பார்க்கத்தான் வேண்டும். வேகத்தை வைத்து வேறுபடுத்தலாம். ஐந்து ஆண்டாக மெல்ல மெல்ல வந்த தள்ளாட்டம் வேறு. மூன்று மாதத்துக்குள் நடமாடுகிறவரைப் படுக்கையில் தள்ளிய தள்ளாட்டம் வேறு. ஆகவே மருத்துவரிடம் போகும்போது அறிகுறி தொடங்கிய தேதி, அன்றைய எடை, இன்றைய எடை, பீடி எத்தனை ஆண்டு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

எதிர்ப்பொருள் சோதனைக்கு இரத்தத்தையும் தண்டுவட நீரையும் சேர்த்து அனுப்புவது நல்லது. இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பின் எடுத்தால் பிறர் இரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்பொருளும் கலந்து முடிவு குழம்பும். ஸ்டீராய்டையும் அவசரப்பட்டுத் தொடங்கினால், ஒருவேளை அது லிம்போமா என்ற நெறிகட்டிப் புற்றாக இருந்தால் சுருங்கி மறைந்துபோகும். மலை இறக்கிக் கோவைக்கு மாதிரியை அனுப்பும்போது சீரத்தை (இரத்தத்தின் தெளிநீரை) பிரித்து, 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கோடு கோடாகக் காட்டும் பட்டைச் சோதனையில் மங்கலாக ஒரு கோடு விழுந்தால் அதை அப்படியே நம்பக் கூடாது. அதே சீரத்தை எலி மூளைச் சீவலில் இட்டு, ஒளிரும் சாயத்தில் ஒளிர்கிறதா என்று உறுதி செய்யாத மங்கல் கோடுகளில் பல பொய்யானவை. அதேபோல, எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது.

கட்டியைத் தேட மார்பு எக்ஸ்ரே போதாது. சிற்றணுப் புற்று பெரும்பாலும் நுரையீரலின் நடுவில், பெரிய மூச்சுக்குழல்களில் தொடங்கி, இதயத்தை ஒட்டிய நெறிகட்டிகளுக்குப் பரவும். எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழலோடு கலந்துவிடும். மார்பு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் சாயம் ஏற்றிய சி.டி., பெண்களுக்கு மார்பகப் படமும் சினைப்பை ஸ்கேனும், இளைஞர்களுக்கு விதைப்பை ஸ்கேனும் வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால், உடம்பு முழுவதும் புற்றைத் தேடும் பெட் ஸ்கேன். நோய் வகையும் எதிர்ப்பொருளும் புற்றைச் சுட்டி, கட்டி மட்டும் கிடைக்கவில்லை என்றால் 4 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுக்குத் திரும்பத் திரும்பத் தேட வேண்டும். ஒரு முறை கோவை போய் வந்தாலே கூலியும் பேருந்துச் செலவுமாக ஒரு குடும்பம் தளர்ந்துபோகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அடுத்த தேதியை முதல் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இங்குள்ள மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ‘தேவைப்பட்டால் வரவும்’ என்று எழுதினால் யாரும் வருவதில்லை.

கோத்தகிரி வாசகிக்குத் தாங்கள் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். அவர் தன் மாமியாரை இந்த வாரமே நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போகட்டும். மார்பகத்தையும் சினைப்பையையும் சோதிக்கும்படி அவரே கேட்கட்டும். எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தையும் தவறாமல் கையில் கொண்டுபோகட்டும். இப்போது சுத்தமாக இருக்கும் அந்தப் படம், மூன்று மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிடத் தேவைப்படும்.

இப்படிக்கு,
நரம்பு மருத்துவர்கள் இருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்